சிவப்புக் காருக்குப் பாடு போட்ட கதை

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதற்கு எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். பாடு இருப்பதால்தான் பழவேற்காட்டில் மண்டை உடையாமல் ரால் பிடிக்கிறோம். வெளியூரிலிருந்து ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் இதைக் கேட்டு அருமை அருமை என்று எழுதிக்கொண்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் குப்பத்தில் இதையே ஒரு காருக்கும் போட்டார்கள்.

கார் சிவப்பு. இரண்டே கதவு. உட்கார்ந்தால் பின்பக்கம் ரோட்டில் தேயுமோ என்று பயமாக இருக்கும் உயரம். சென்னையில் யாரோ ஒரு பணக்காரப் பையன் அலுத்துப்போய் விற்றதை, ரால் நன்றாகப் பட்ட ஒரு வருஷத்தில் சிங்காரம், பூபதி, தேவேந்திரன் மூன்று பேரும் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னாலும் ஒரு இருக்கை உண்டு. அது உட்காருவதற்கு அல்ல, உண்டு என்று சொல்லிக்கொள்வதற்கு. மூன்று பேருக்கு ஒரு கார் என்றால் வேறு ஊரில் சண்டை வரும். எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் நாள் சிங்காரம், மறுநாள் பூபதி, அப்புறம் தேவேந்திரன், திரும்பவும் சிங்காரம்.

ஓட்டுவது அவரவர் முறையில் வந்தது. ஆயில் மாற்றுவது யார் முறையிலும் வரவில்லை. ஒரு நாள் வண்டி சூடாகி ஆவி கிளம்பியபோது சிங்காரம் பதறவில்லை. படகு இன்ஜின் கடல் தண்ணீரை இழுத்துத்தான் குளிர்கிறது. சின்ன வயசிலிருந்து பார்க்கிறார். ஒரு குடம் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றினார். வண்டி ஓடியது. மறுநாள் பூபதியும் ஊற்றினார். தேவேந்திரன் ஊற்றிவிட்டு, "உப்புத் தண்ணி அதுக்கு நல்லா ஒத்துக்குதுபா" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அலுமினியத்துக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது. உப்பு இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அரித்து, தண்ணீர் உள்ளே இறங்கி, ஆயில் டீக்கடைப் பால் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு மத்தியானம் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு இறுகி நின்றது. அன்றைக்கு யார் முறை என்பதில்தான் சண்டையே வந்தது.

இந்த நேரத்தில் எங்கள் குப்பத்துப் பொன்னுரங்கம் மகள் தேவதர்ஷினிக்கு ஒரு இன்ஜின் தேவைப்பட்டது. ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்தவள். அம்பத்தூர் பக்கம் இந்த மாதிரி கார்களுக்கு இன்ஜின் கட்டுகிற பட்டறை ஒன்றில் போய் வேலை கேட்டிருந்தாள். உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வேலை ஒன்றுதான். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்ஜின் பக்கம்தான் வேணும்னா, தனியா ஒரு இன்ஜினை இறக்கிப் பிரிச்சுக் கட்டி, அதே வண்டியில என் வாசலுக்கு வா. சேத்துக்கறேன். மாசக் கடைசி சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார். விரட்டுவதற்காகச் சொன்னது. அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

நேராகச் சிங்காரத்திடம் வந்தாள். "அண்ணா, சாமான் வாங்கிக் குடுங்க. வண்டிய நான் கட்டித் தரேன். கூலி வேணாம். கடைசி சனிக்கிழமை ஒரு நாள் வண்டி எனக்கு."

"நீ இன்ஜினை இறக்குவியா?"

"இறக்குவேன்."

"திரும்ப ஏத்துவியா?"

"ஏத்தாம, குழம்பு வைக்கவா?"

சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓட வச்சிடு கண்ணு. ஒரு நாள் இன்னா, நீ கேக்குற நாள்லாம் உன்னுதுதான்." பூபதியும் தேவேந்திரனும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு எங்கள் ஊரில் முறை கிடையாது. யாரும் எப்போதும் ஆட்டலாம்.

வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று சவுக்கு மரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தினாள். படகு இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கை அதில் மாட்டினாள். பானெட்டைக் கழற்றி வைத்தாள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் வலை நூலில் வேறு வேறு நிறத்தில் ஒரு முடிச்சு. கழற்றிய போல்ட்டெல்லாம் ரால் தட்டில், கழற்றிய வரிசையில்.

இன்ஜின் மேலே எழும்பும்போது ஊரே கூடியிருந்தது.

"இடப்பக்கம் சாயுது."

"சாயல. நீதான் சாஞ்சி நிக்கிற. காலையிலயே ஊத்திட்டியா?"

"ஏம்மே, கீழ வுட்டுடப் போற!"

மீனவர் சங்கத் தலைவர் தாமோதரன் தன் பங்குக்கு, "பாத்து" என்றார். சங்கிலியை இழுத்தது அவள் ஒருத்தி. அன்று அவளுக்கு வந்த உதவி அந்த ஒரு வார்த்தைதான்.

இன்ஜின் கீழே இறங்கியதே தவிர, பாடு நிற்கவில்லை. இன்ஜின் இல்லாத காரில் சிங்காரம் தன் முறை நாளில் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூபதி தன் நாளில் பெண்டாட்டியைக் கூட்டிவந்து பாட்டுப் போட்டுக் கேட்பார். தேவேந்திரன் தன் முறையை மச்சினனுக்குக் கொடுத்தார். மச்சினன் பசியாவரத்திலிருந்து படகில் வந்து, உள்ளே படுத்துத் தூங்கிவிட்டுப் போனான். இரண்டடி தள்ளித் தார்ப்பாயில் உட்கார்ந்து அவள் பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். "கொஞ்சம் சத்தம் கம்மியா பண்ணு, பாட்டு கேக்கல" என்று பூபதி ஒரு தடவை சொன்னார்.

ஹெட் தேறாது என்று தெரிந்து, புதுப்பேட்டையில் அலைந்து வேறு ஹெட் எடுத்து வந்தாள். இன்ஜின் பிளாக்கின் துளைகளைக் கடைந்து போர் செய்ய மீஞ்சூர் லேத்துக்குக் கொண்டுபோனாள். லேத்துக்காரர் அளவைப் பூபதியிடம் கேட்டார். பூபதி வண்டி பிடித்துக் கொடுக்க வந்தவர். ஆனாலும் யோசித்து, "நல்லா பெருசாவே போடுங்க" என்றார். அவள் குறுக்கே விழுந்து சரியான அளவைச் சொன்னாள். புது ரிங், புது பேரிங், டைமிங் செயின். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சு வைத்து, கடித்த உதட்டோடு இறுக்கினாள். அவள் அம்மா இந்திராணி மீன் கூடையோடு போகும்போது ஒரு நிமிஷம் நின்று, "என் கையில மீன் கவுச்சி, உன் கையில ஆயில் கவுச்சி. மாப்பிள்ளை பாக்க வர்றவன் மூக்கைப் பிடிச்சிக்கினுதான் வரணும்" என்பாள். சொல்லிவிட்டு டீ வைத்துவிட்டுப் போவாள். நைனா பொன்னுரங்கம் மட்டும் அந்தக் கொட்டகை இருக்கிற தெருவே இல்லை என்பதுபோல் நடந்தார்.

கடைசி வாரம் புதன்கிழமை சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரே சீரான சத்தம். கூட்டம் கத்தியது. சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம வண்டிடா!" என்று தேவேந்திரனைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணா, சனிக்கிழமை" என்றாள் அவள்.

பூபதி விரல்விட்டு எண்ணினார். "சனிக்கிழமை என் முறையாச்சே."

"குடுக்கணும்தான்" என்றார் சிங்காரம், மிகவும் வருத்தத்தோடு. "குடுக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா பாடுன்னு போட்டாச்சே கண்ணு. சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

மறுநாள் சங்கம் மீன் ஏலக் கொட்டகையில் கூடியது. அவள் வெளியே நின்றாள், பெண்கள் உள்ளே உட்காருவதில்லை. தாமோதரன் அவளை நிறையப் புகழ்ந்தார். ஊருக்கே பெருமை என்றார். புகழ்ச்சி நீண்டுகொண்டே போனபோது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆனா பொம்பளைக்குப் பாடு கெடயாது. நான் வச்ச சட்டமா? எப்பவும் இருக்கறது. இன்னிக்குக் காருக்குக் குடுத்தா நாளைக்கு ஏரிக்குக் கேப்பாங்க."

"கேட்டா இன்னா?" என்று வெளியிலிருந்து இந்திராணி குரல் கொடுத்தாள். "இன்ஜினை இறக்கும்போது அவ பொம்பளன்னு ஒருத்தனுக்கும் தெரில? கண்ணு அவிஞ்சா கெடந்தீங்க?"

"அக்கா, மரியாதையா பேசு."

"மரியாதையத்தான் தேடிக்கினு கீறேன். உள்ள எங்கனா கீதா பாரு."

சிரிப்பு அடங்கியபின் தேவேந்திரன் ஒரு வழி சொன்னார். அவளைக் கட்டிக்கொள்கிறவனுக்குப் பாடு கொடுக்கலாமே என்றார். வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் அதற்கு நேரம் போதாது என்று தள்ளுபடியானது. கடைசியில் தாமோதரன் தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை முறை அவள் தம்பி சரவணன் பேருக்கு. அவன் ஆண்பிள்ளை. பாடு உள்ளவன் போக முடியாவிட்டால் ஓர் ஆம்பளையை ஆளாக வைக்கலாம் என்பதும் பழைய வழக்கம்தான். சரவணன் பதினோராம் வகுப்பு, அவனுக்கு லைசென்ஸ் இல்லை. அதனால் அவன் ஆளாகச் சிங்காரம் ஓட்டுவார்.

லைசென்ஸ் தேவதர்ஷினியிடம் இருந்தது. அதைக் காட்டவும் காட்டினாள். போட்டோ நன்றாக இருப்பதாகத் தாமோதரன் சொன்னார்.

"நைனா, நீயாவது சொல்லு" என்றாள். பொன்னுரங்கம் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "அதான் தம்பி பேர்ல குடுத்துட்டாங்களே, அப்புறம் இன்னா?" என்றார்.

சனிக்கிழமை சிங்காரம் ஓட்டினார். தன் முறையை விட்டுக்கொடுத்த தியாகி என்பதால் பூபதி பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காருவதற்கில்லாத பின்னிருக்கையில், முழங்கால் காதில் இடிக்க, அவள்.

"புது இன்ஜின்ணா. மிதிக்காதீங்க. முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாத்தான் போவணும்."

"எனக்குத் தெரியாதா?"

போகும்போது மெதுவாகத்தான் போனார். பட்டறை வாசலில் நின்றதும் முதலாளி வெளியே வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"யார் கட்டுனது?"

"நான் சார்" என்றாள் பின்னிருக்கையிலிருந்து. முன்னிருக்கையை மடக்கினால்தான் அவள் வெளியே வர முடியும். அதில் பூபதி உட்கார்ந்து பட்டறையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "பூபதிண்ணா, இறங்குங்க! சார், நான்தான் சார்!"

"இரும்மா, அவர் சொல்லட்டும்." முதலாளி ஸ்டியரிங்கில் இருந்தவரிடம் குனிந்தார். "இந்தப் பொண்ணு தனியாவா கட்டுச்சு?"

சிங்காரம் கெட்டவர் அல்ல. ஒரு கணம் யோசிக்கவும் செய்தார். ஊரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "எங்க ஊர்ல யாரும் ஒண்ணும் தனியா பண்றதில்ல சார்" என்றார் பெருமையோடு. "எல்லாம் சேந்துதான்."

முதலாளி நெகிழ்ந்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஓர் ஊரா என்றார். பூபதி ஒருவழியாக இறங்கி, அவள் வெளியே வந்து நிமிர்ந்தபோது, அவர் சிங்காரத்தின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், வேணும்னா இப்பவே இங்கயே பிரிச்சிக் காட்டறேன்."

"நான் தனியான்னுதானம்மா சொன்னேன்? பரவால்ல, ஆர்வம் இருக்கு. முன்னால கம்ப்யூட்டர்ல பில் போட ஆள் வேணும். வரியா?"

"வேணாம் சார்."

திரும்பும்போது வண்டியில் ரொம்ப சந்தோஷம். "பில் போடற வேலைன்னா ஏசி ரூம். வேணாம்னுட்டியே" என்று பூபதி அவளுக்காக வருந்தினார். சிங்காரம் பாட்டை வைத்துவிட்டு மிதித்தார். அவள் ஒரு தடவை, "மெதுவாண்ணா" என்றாள். "காருன்னா பறக்கணும் கண்ணு" என்றார். பாட்டுக்கு அடியில், அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு தட்டல் ஆரம்பித்தது. பின்னிருக்கையில் அது நன்றாகக் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீஞ்சூர் தாண்டி வண்டி நின்றது. பானெட்டைத் தூக்கி இருவரும் உள்ளே பார்த்தார்கள். உள்ளே இன்ஜின் இருந்தது. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கண்ணு, இறங்கி இன்னான்னு பாரேன்."

"இன்னிக்கு யார் முறை?"

சிங்காரம் விழித்தார். "உன் தம்பி முறை."

"அப்ப அவனக் கூப்பிடுங்க."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்காததால், பூபதி உண்மையாகவே போன் போட்டார். சரவணன் கிரிக்கெட்டில் இருந்தான். "எந்தக் காரு?" என்று கேட்டான்.

அவள் இறங்கி, டிக்கியைத் திறந்து தன் டூல் பாக்ஸை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னால், "ஏய், கண்ணு! இன்னா கோவம்? எந்த நட்டுன்னாவது சொல்லிட்டுப் போ!" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பழவேற்காடு பஸ் வந்தது. ஏறி, பெட்டியைக் காலடியில் வைத்தாள்.

கண்டக்டர் மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்தார்.

"யாருதும்மா இது?"

"என்னுது."

"ஆளுக்குத்தாம்மா ஃப்ரீ. இதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."

எடுத்தாள்.