வெரோணிக்கம்மாளின் துணி

விரலை மறுபடியும் உப்புத் தண்ணீருக்குள் விட்டாள் அற்புதராணி. எரிந்தது. எரியட்டும் என்று இருந்தாள். ஓரா மீன் வெட்டும்போது அரிவாள் கிழித்த காயம். நேற்று நாடக ஒத்திகையில் அந்த விரலோடுதான் கனிசியஸின் நெற்றி இரத்தத்தைத் துடைத்தாள். துணி நனைந்து, விரலும் நனைந்துவிட்டது.

இன்று பெரிய வெள்ளி. குருநகர்க் கோயில் முற்றத்தில் திருப்பாடுகளின் நாடகம். கனிசியஸ் யேசு, அவள் வெரோணிக்கம்மாள். சிலுவை சுமந்து வருகிறவரின் முகத்தைத் துடைத்து, முகம் வரைந்த உள்மடிப்பைச் சனத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும். வழக்கமாக நெற்றியில் வழிவது சாயம்தான். முள்முடியின் முனைகளை அருட்பிரகாசம் அண்ணை பாக்குவெட்டியால் நறுக்கிவிடுவார். இந்த முறை கனிசியஸ் தடுத்துவிட்டான். "நேத்திக்கடன் அண்ணை. முள்ளு முள்ளாவே இருக்கட்டும்."

என்ன நேத்தி என்று யாரும் கேட்கவில்லை. கனடாவுக்கென்று புறப்பட்டு, ஏஜென்சிக்காரனை நம்பி இரண்டு வருசம் பாங்கொக்கில் கிடந்து, எலும்பும் தாடியுமாகத் திரும்பியவன். "யேசுவுக்கு இந்த முறை ஒப்பனைச் செலவில்லை," என்று கிணற்றடியில் சிரித்த லூர்த்தம்மா, பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சும்மா மெலிவெண்டே நினைக்கிறியள்? பாங்கொக்கிலை பிடிச்ச வருத்தமடி அது."

அதற்கு முதல் கிழமைதான் அற்புதராணி அந்த வருத்தத்தைப் பற்றி றேடியோவில் கேட்டிருந்தாள். கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. அவளுடைய புருசன் சிமியோன் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கதைத்தது. எயிட்ஸைப் பற்றி ஒரு டொக்டர். "இந்தக் கிருமி இரத்தத்தின் மூலமும் பரவும். ஆனால்..." சிமியோன் பீடி பற்றவைக்கக் கையை எடுத்தான். சில்லு நின்றது. டொக்டரும் நின்றுபோனார். திரும்பச் சுற்றியபோது பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நேற்றிலிருந்து அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனத்தது.

"பிள்ளை கத்துது. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றான் சிமியோன்.

"ஆட்டுப்பாலைக் குடுங்கோ. இஞ்சாருங்கோ, அண்டைக்கு அந்த டொக்டர் 'ஆனால்' எண்டுட்டு என்ன சொன்னவர்?"

"எந்த டொக்டர்?"

"நீங்கள் பீடி பத்தினீங்களே, அப்ப."

"அந்தாள் சொன்னது உனக்கே கேக்கேல்லை, எனக்கு எப்பிடிக் கேக்கும்? கடுதாசி போட்டுக் கேளன்." சிரித்தவன் அவளுடைய விரலைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"இண்டைக்கு லூர்த்தம்மாவை நடிக்கச் சொல்லுங்கோவன்."

"இப்பவோ? நீ மாட்டனெண்டால் சனம் அவனைப் பற்றி என்ன நினைக்கும்? என்ரை சித்தப்பான்ரை பெடியனடி அவன்."

பொழுதுபடும் நேரம், பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் கனிசியஸ் சிலுவையோடு விழுந்தான். முள் இறங்கியிருந்தது. பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு இரத்தம் புருவத்துக்கு வந்தது. அற்புதராணி அவன் முன்னால் முழந்தாளிட்டாள். துணியை நீட்டினாள். கை பாதியில் நின்றுவிட்டது. பாட்டுக்காரர்கள் அடுத்த அடிக்குப் போக முடியாமல் அதே அடியைத் திரும்பப் பாடினார்கள். இன்னொரு முறையும் பாடினார்கள். சனம் இதை நடிப்பென்று நினைத்து விம்மியது.

கனிசியஸ் நிமிர்ந்து பார்த்தான். நேற்றிரவு முழுக்கக் கண்ணாடியில் தன் முகத்தில் அவள் கண்ட அதே பயந்த கண்கள்.

"துணியைத் தாங்கோ மச்சாள்," என்றான், உதடு அசையாமல். "நான் துடைக்கிறன்."

வாங்கித் தானே துடைத்தான். ஈரம்பட்ட பக்கத்தை ஒதுக்கிப் பிடித்து, மூலையை அவள் பக்கம் நீட்டினான். "நடுவிலை தொடாதேங்கோ."

தெரிந்து சொன்னானா? ஊர் கதைப்பது காதில் விழுந்து சொன்னானா? இல்லை, அவனும் எங்கேயோ பாதியைத்தான் கேட்டிருந்தானா? கேட்க நேரமில்லை. சேவகன் சவுக்கை ஓங்கினான். கனிசியஸ் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் இரண்டு மூலைகளையும் விரல் நுனியில் பிடித்து எழுந்து நின்றாள். துணியை விரித்தாள். வரைந்த முகத்தின் நெற்றியில் ஈரச் சிவப்பு ஊறியிருந்தது. சனம் முழந்தாளிட்டது.

கடற்காற்று துணியை ஊதி அவளை நோக்கி வளைத்தது. அவள் கைகளை எட்டியமட்டும் முன்னால் நீட்டினாள். சனத்துக்குள் சிமியோனின் தோளில் பிள்ளை வீரிட்டு அழுதது. அங்கியின் முன்புறம் நனைவதை உணர்ந்தாள். பால். துணி இன்னும் உப்பிக்கொண்டு நெஞ்சருகே வந்தது.