உறுப்பினர்கள் இசைவு தெரிவித்தனர்

டூகல் சின்க்ளேரிடம் ஒன்பது வருடங்களாக ஒரு மனு இருந்தது. ஊரில் மற்றவர்கள் நாய் வளர்க்கிறார்கள், எங்கப்பா மனு வளர்க்கிறார் என்று அவருடைய மகள் மோர்வென் கேலி செய்வாள். நாயாவது வாலை ஆட்டும். இந்த மனு எடின்பரோ நாடாளுமன்றத்தின் மனுக்கள் குழுவில் படுத்துக் கிடந்தது. வருடத்துக்கு இரண்டு முறை யாராவது அதைத் தட்டிப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று எழுதிவிட்டு, மறுபடி படுக்க வைத்தார்கள்.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. டூகலின் ஊரான கில்வாராவில் பூட்டிக் கிடக்கும் பிரசவ அறையைத் திறக்க வேண்டும், அங்கே ஒரு மருத்துவச்சியை மறுபடி நியமிக்க வேண்டும். அந்த அறையைப் பூட்டிய வருடம் பிப்ரவரியில் டூகலின் மனைவி எல்ஸ்பெத்துக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்தது. இன்வர்னஸ் ஆஸ்பத்திரிக்கு நூறு மைல். பனி கொட்டினால் மலைச்சாலையின் குறுக்கே ஓர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற ஆம்புலன்ஸில் எல்ஸ்பெத் செத்துப்போனாள். வயிற்றில் இருந்த பையனும் போனான். டூகலும் பதினாறு வயது மோர்வெனும் மிஞ்சினார்கள்.

மருத்துவ வாரியத்துக்கு அந்தக் கட்டடத்தை விற்றுத் தலைமுழுக ஆசை. ஆனால், நாடாளுமன்றம் மனுவைப் பரிசீலித்து முடிக்கும்வரை விற்க மாட்டோம் என்று ஒரு தடவை எழுத்தில் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஆக, மனு திறந்திருந்தால் அறை இருக்கும், மனுவை முடித்தால் அறை போகும். இந்த வருடம் மே மாதக் கடைசியில் மோர்வென் சமையலறையில் நின்றபடி, "அப்பா, எனக்கு ஜனவரில பொறக்கப் போகுது" என்றாள். டூகல் சந்தோஷப்பட்டார். அடுத்த நிமிடமே ஜனவரியில் சாலை எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்தது.

டூகலுக்குத் திக்குவாய். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பின்சீட்டுப் பிள்ளைகள் அவரை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள், அவர் கண்டுகொள்ள மாட்டார். பிள்ளைகளை மன்னித்துவிடலாம். அவர் திணறும்போது உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வார்த்தையைப் பிடுங்கி முடித்துவைக்கும் பெரியவர்களைத்தான் அவரால் சகிக்க முடியாது. மோர்வென் அதை ஒரு நாளும் செய்ததில்லை. கெட்டிலை வைத்துவிட்டு, கைகட்டி நின்று, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள்.

முதல் வருடம் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நாலு நிமிடப் பேச்சுக்கு இருபது நிமிடம் ஆனது. மனைவியின் பெயரில் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டார். அது வெளியே வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். குழுவில் ஒருவர் சன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பதிவு வெளிவந்தது. அங்கே பேசுவதையெல்லாம் எழுதி அச்சிட ஓர் அலுவலகமே இருக்கிறது. மரியாதை தெரிந்தவர்கள். தடுமாற்றம், தொண்டைக் கனைப்பு, அழுகை எதையும் எழுத மாட்டார்கள். பதிவில் டூகல் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. 'என் மனைவியின் பெயர் எல்ஸ்பெத். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சாலையைத் திறக்கும்வரை அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.' அந்த வாக்கியங்களுக்கு நடுவே பதினோரு நிமிடம் போனதற்கு அடையாளமே இல்லை. டூகல் அதை நூலகத்தில் அச்செடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனுஷனைப் போலப் பேசியிருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் அவருக்கு வினையாக வந்தது. தேர்தல் வந்தது, குழுவில் இருந்தவர்கள் மாறினார்கள். வந்தவர்கள் அவரைக் கேட்டதில்லை, பதிவைப் படித்தவர்கள். புதுத் தலைவர் லாக்லன் ஓகில்வி ஒரு கூட்டத்தில் சொன்னார்: "மனுதாரர் எவ்வளவு நிதானமா சாட்சி சொல்லியிருக்கார் பாருங்க. மனசைத் தேத்திக்கிட்டவர்னு படிக்கும்போதே தெரியுது." பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த டூகலால் வாயைத் திறக்க முடியாது. அங்கே பார்வையாளர் பேசக்கூடாது.

குழுவில் நாலு பேர். டூகல் பக்கம் இருந்தது பிரைடி மக்கல்லம் ஒருவர்தான். அந்த அம்மாள் ஒரு தடவை கில்வாராவுக்கே வந்து, பூட்டிய அறையின் சன்னலில் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே பார்த்துவிட்டுப் போனவர்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மனு மறுபடி வந்தது, நிகழ்ச்சி நிரலில் பதினான்காவது பொருளாக. நாலு பேரில் ஒருவர் இருமல் என்று வரவில்லை. மீதி மூன்று பேர். மூன்று பேர் இருந்தால்தான் முடிவு செல்லும். டூகல் அந்த விதிப்புத்தகத்தை ஒன்பது வருடம் படித்து மனப்பாடம் செய்தவர்.

"வாரியம் பதில் சொல்லிடுச்சு, அரசாங்கமும் பதில் சொல்லிடுச்சு. இனிமே நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. மனுவ முடிச்சிடலாம்னு நெனைக்கிறேன்" என்றார் ஓகில்வி, தாளைப் பார்த்தபடி.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரைடி எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். செயலர் ஆலன் டைஸ் குனிந்து அடுத்த கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஓகில்வி தலையைத் தூக்கவில்லை.

"ஒப்புக்கிறோமா?"

மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்; தலையைக்கூட ஆட்டவில்லை. "நன்றி" என்றார் ஓகில்வி. ஒன்பது வருடம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் வெளிவந்த பதிவிலும் வழக்கமான வரிதான்: உறுப்பினர்கள் இசைவு தெரிவித்தனர்.

டூகல் அழவில்லை. ஆள் எண்ணியிருந்தார். அறையில் இரண்டு பேர்தான்! முடிவு செல்லாது! வெளியே புல்வெளிக்கு ஓடிவந்து மகளுக்குப் போன் போட்டு, அவள் காத்திருக்க, திக்கித் திக்கி முழுவதையும் சொன்னார்.

"அந்தப் பொம்பள ஒண்ணுக்குப் போனதுல நம்ம அறை தப்பிச்சுதா? அப்பா, அவளுக்கு ஒரு டின் பிஸ்கட் வாங்கி அனுப்பு" என்று சிரித்தாள் மோர்வென்.

அன்றைக்கே செயலரிடம் போனார். ஆலன் டைஸ் ஒளிப்பதிவை ஓட்டிப் பார்த்தார். திரையில் ஓகில்வியின் முகம் மட்டும் இருந்தது. ஆனால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டைஸ் திரையை அணைத்தார்.

"நீங்க சொல்றது சரிதான், மிஸ்டர் சின்க்ளேர். நானும் கவனிச்சிருக்கணும்." பேனாவை மூடித் திறந்தார். "இதை இன்னைக்கே எழுத்துல கொடுத்தாகணுமா? புகாருக்குக் கெடு ஒண்ணும் கெடையாது. லீவு முடிஞ்சு செப்டம்பர்ல கொடுத்தாலும் செல்லும். அவசரமில்ல."

"எ-எ-என்ன ஏ-ஏமாத்தப் பாக்கறீங்களா?"

"ஐயோ, இல்ல. உங்களுக்குத்தான் சொல்றேன். செப்டம்பர்ல கொடுங்க. இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது."

ஒன்பது வருடம் தள்ளிப்போட்டே பழக்கப்படுத்திய இடத்தில், ஒரு நல்லவன் தள்ளிப்போடச் சொன்னால் யார் நம்புவார்கள்? வாரியமும் செப்டம்பருக்குள் கட்டடத்தை விற்றுவிடும் என்று டூகலுக்குத் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். பேச்சில் வராதது எழுத்தில் அவருக்குத் தாராளமாக வரும். பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார முடியாதவர்களை மக்கள் எதற்காகத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அது நன்றாக இருப்பதாகப் பட்டதால் வடக்கத்திப் பத்திரிகை ஒன்றுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அவர்கள் பிரைடியின் படத்தைப் போட்டு, 'கழிப்பறையில் உறுப்பினர், காற்றில் முடிவு' என்று தலைப்பு வைத்தார்கள். ஊர் முழுக்கச் சிரித்தது. பஸ் பிள்ளைகள்கூட அன்றைக்கு அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இருபத்தாறாம் தேதி, லீவுக்கு முந்தைய கடைசிக் கூட்டம். முதல் பொருளே டூகலின் மனுதான். நாலு பேரும் வந்திருந்தார்கள். இருமல்காரர் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். டூகல் கழுத்துப்பட்டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். இவ்வளவு பேர் சிரித்த பிறகு அவர்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்து விசாரிப்பார்கள் என்றே நம்பினார்.

"போன கூட்டத்து முடிவுல ஒரு சின்னக் குறை இருந்ததா தெரிய வந்திருக்கு" என்றார் ஓகில்வி. "அதனால அந்த முடிவ ரத்து பண்ணி, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாம இப்ப மறுபடி கேக்கறேன். மனுவ முடிச்சிடலாம். ஒப்புக்கிறோமா?"

கைப்பேசிக்காரர் தலையை ஆட்டினார். இருமல்காரர் ஆட்டினார். ஓகில்வியும் ஆட்டினார். எல்லாரும் பிரைடியைப் பார்த்தார்கள். பிரைடி டூகலைப் பார்த்தார். பிறகு நிதானமாக, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி, தலையை ஆட்டினார்.

டூகல் எழுந்து நின்றார். "வே-வே-வே..."

வேண்டாம் என்பதுதான் அந்த வார்த்தை. அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் அதட்டவில்லை, எல்லாரும் பண்போடு காத்திருந்தார்கள். அதுதான் கொடுமை. கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, ஒரு மனுஷன் ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டுவதை இருபது பேர் மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் காவலர் வந்து முழங்கையைத் தொட்டார். "வாங்க சார், போலாம்." கதவு சாத்துவதற்குள் ஓகில்வி ஏதோ நன்றி சொல்லி முடித்து, அடுத்த மனுவைப் படிக்கத் தொடங்கிவிட்டார். கடற்காக்கைகள் தெருவில் சிப்ஸ் பிடுங்கித் தின்பது பற்றிய மனு அது. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

இடைவேளையில் பிரைடி நடைவழிக்கு வந்தார்.

"அன்னிக்கு நான் எதுக்கு எழுந்து போனேன்னு நெனச்சீங்க, டூகல்? ஒண்ணுக்கா?"

டூகல் அவரைப் பார்த்தார்.

"மூணு பேர்ல ஒருத்தி போயிட்டா முடிவு செல்லாதுன்னு எனக்குத் தெரியாதா? லீவு முடிஞ்சதும் ஓகில்வி போறார். செப்டம்பர்லேருந்து நான்தான் தலைவர்னு பேசி முடிச்சாச்சு. நாற்காலியில உக்காந்த அன்னிக்கே, இது செல்லாத முடிவுன்னு தூக்கிப் போட்டுட்டு உங்க மனுவ எடுக்கலாம்னு இருந்தேன். வாரியத்தையே கூப்பிட்டு நிறுத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒரு கட்டடத்த வித்து முடிக்க வாரியத்தால ஆகாது."

"சொ-சொ-சொ..."

"சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. எப்படிச் சொல்றது? சொன்னா சூழ்ச்சி. வேணும்னே கூட்டத்தக் கெடுத்தான்னு என்னயத் தூக்கிடுவாங்க. நீங்க பேப்பர்காரன்கிட்ட சொல்லுவீங்கன்னு பயந்தேன். பயந்தபடியே ஆச்சு." அவர் குரல் ஏறவில்லை. "கட்சியில கூப்பிட்டு, போய் உக்காந்து தலைய ஆட்டு, இல்லாட்டி நாற்காலி கெடையாதுன்னாங்க. ஆட்டிட்டேன். முறைப்படி முடிஞ்ச மனுவ இனி ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது."

"நா-நா..."

"பதினோரு வாரம், டூகல். பதினோரு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா போதும். வாயத் தொறக்கறதுக்கே இத்தன பாடுபடுற மனுஷன், உங்களால அது முடியல."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டூகலின் உதடு இன்னும் அதே எழுத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பிரைடி காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை மோர்வென் நூலகத்திலிருந்து பதிவை அச்செடுத்து வந்தாள். வாரியத்தின் கடிதமும் அன்றைக்கே வந்திருந்தது. கட்டடத்தை விற்பனைக்கு விடுகிறோம் என்று எழுதி, ஆதாரமாக அதே பக்கத்தை இணைத்திருந்தார்கள். ஓகில்வியின் கடைசி வாக்கியத்துக்கு அடியில் யாரோ கோடு போட்டிருந்தார்கள்: 'இந்த விஷயத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி முடித்துவைக்க நமக்கு உதவிய மனுதாரரின் விழிப்புணர்வுக்கு நன்றி.'

அதற்கு மேலே, உறுப்பினர்கள் இசைவு தெரிவித்தனர் என்ற வரிக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருந்தது: குறுக்கீடு.

"இது யாரு அப்பா?"

டூகல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஒன்பது வருடத்தில் அவர் திக்கியதை அவர்கள் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

மோர்வென் வாயில் கேலி எதுவும் வரவில்லை. தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கெட்டிலை அடுப்பில் வைத்தாள். இன்னும் மேடே தெரியாத வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ரோட்டுக் கதவ எந்த மாசத்துலேருந்து சாத்த ஆரம்பிப்பாங்க?"

"ந-ந-ந..."

பதில் அவளுக்கும் தெரியும். பதினாறு வயதில், அம்மா கிடந்த ஆம்புலன்ஸோடு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்றவள் அவள். ஆனாலும் கைகட்டி நின்று, நவம்பர் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.