இரண்டு பக்கத்துக்கும் ஒரே குழாய்

விடியலில் விறகுக்குப் போன சிவசாமி உச்சிவேளையில் தள்ளாடிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் படியேறி வந்தபோது ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனியாண்டி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணி, இரண்டு வருடமாகத் தொடாமல் இருந்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பழைய புத்தியைக் காட்டிவிட்டானே! குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

"நா... குடிக்கல புள்ள." நாக்கு குழறியது.

"ஆமா, தேத்தண்ணியக் குடிச்சுட்டுத்தான் இந்த ஆட்டம் ஆடுறீங்க!" புருஷனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பாரிசவாதம் என்றால் வாய் கோணும், ஒரு கை, ஒரு கால் விழும். தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரியும். இவனுக்கு வாயும் கோணவில்லை, கையும் விழவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து வந்தான். குடித்தவன் அப்படித்தானே வருவான்?

வெளியே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டும் அவள் எழவில்லை. பிறகு சத்தமே இல்லை. அப்போதுதான் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்தால், வாசலில் கிடந்தவனின் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்துத் துடித்து ஓடின. அவள் போட்ட கூச்சலில் லயமே கூடியது. சப்ராஸின் ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். மேல் லயத்திலிருந்து சிவசாமியின் அக்கா வீரம்மாவும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். வழி முழுக்கத் தம்பியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த கையோடு டொக்டர் ஷஸ்னா வெளியே வந்தார்.

"சிறுமூளையோட அடிப்பக்கத்துக்கு இடதுல ஒரு ரத்தக்குழாய், வலதுல ஒண்ணு இருக்கணும். இவருக்கு வலதுல பிறவியிலேயே இல்ல. இடதுல உள்ளதுதான் ரெண்டு பக்கமும் கிளை விட்டுப் போகுது. அது நோய் இல்ல, சிலருக்கு அப்படி அமையும். ஆனா இப்ப அந்தக் குழாய் அடைச்சிருக்கு. சிறுமூளைக்கு ரத்தம் போகலன்னா ஆள் தள்ளாடும், நாக்கு குழறும்."

ஜீவராணிக்கு உடனே விளங்கிவிட்டது. லயத்தில் முன் காம்பரா வீடுகளுக்கும் பின் காம்பரா வீடுகளுக்கும் ஒரே பைப்தான். அது அடைத்தால் எந்தக் குடத்திலும் தண்ணீர் இல்லை.

"அடைப்பக் கரைக்க ஊசி இருக்கு. அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடணும். பிந்திப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

ஜீவராணி ஓரக்கண்ணால் வீரம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் மதினி நிற்கிறாள். இப்போதுதான் விழுந்தார் என்று சொல்லிவிட்டால் மானம் தப்பும்.

"பன்னெண்டு மணிக்கே தள்ளாடுனாரு மிஸ். குடிச்சிருக்காருன்னு நெனச்சு நாந்தான் கதவச் சாத்திட்டேன்."

மதினி ஏசவில்லை. அதுதான் ஜீவராணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

டொக்டர் மணியைப் பார்த்தார். மூன்றுகூட ஆகவில்லை. "நேரம் இருக்கு," என்றார். தாதி மருந்தோடு வந்தாள். ஜீவராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போடாதீங்க!" வீரம்மா பாய்ந்து தாதியின் கையைப் பிடித்தாள். "காலையில எட்டு மணிப் பூசைக்கு மணி அடிக்கையில எங்க வாசலுக்கு வந்தான். இதே ஆட்டம்தான். 'தல சுத்துதுக்கா, தண்ணி குடு'ன்னான். நாலு பேரு பாக்குறாங்களேன்னு வெக்கப்பட்டுத் தொரத்திட்டேன். தேயிலைக்குள்ள எங்கயோ விழுந்து கெடந்துட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கான்."

டொக்டர் மருந்தை வைத்துவிடச் சொன்னார். "நல்லவேளை சொன்னீங்க. இனி ஊசி போட ஏலாது. சிறுமூளை ரெண்டு பக்கமும் வீங்கும். மண்டையோட்டைப் பின்னால திறக்க வேண்டி வரலாம். இப்பவே கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்."

ஜீவராணி மதினியைத் திரும்பிப் பார்த்தாள். எந்த வாயால் ஏசுவது?

அம்புலன்சில் ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். வீரம்மா அவளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

வண்டி வளைவுகளில் இறங்கியது. சிவசாமி ஏதோ முணுமுணுத்தான். என்னவென்று கேட்க அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். புளித்த வாந்தி நாற்றம் அடித்தது. சாராய வாடை துளியும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.