ஆறு மணிக்கு வர வேண்டியவள்

கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது, சரிதா அடுப்படியிலிருந்து ஆக்டோபஸை இழுத்துக்கொண்டிருந்தாள். ஏழு கைகள் பிடியை விட்டுவிட்டன. எட்டாவது மட்டும் கேஸ் சிலிண்டரை விடவில்லை. துடைப்பக்கட்டையால் நெம்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளி மூடிவிட்டு ஓடினாள். “இன்னைக்கு எத்தினி காலும்மா?” என்றார் டிரைவர் பெரியதம்பி. “எட்டு. எனக்கு இருக்கற ரெண்டுதான் நிக்க மாட்டேங்குது” என்று சொல்லி ஏறினாள்.

மத்தூரில் இதற்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவள் கணவன் திம்மராயன் இரண்டு வருடமாக இணையத்தில் பொறுக்கி, தினமும் காலையில் ஒரு விசித்திரத்தை வாட்ஸப் குரூப்பில் போடுகிறான். காலையில் போட்டது மாலை ஆறு மணிக்கு அவன் வீட்டு வாசலில் நிற்கும். சதுரத் தர்பூசணி வந்தது. இரண்டு தலை ஆமை வந்து, வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு கிடாய்க்குட்டி விலைக்குப் போனது. எந்த நாட்டிலோ சாய்ந்து நின்ற மணிக்கூண்டு வந்தபோது மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் முருங்கையை வெட்ட வேண்டியதாயிற்று. குரூப்பில் எல்லோரும் அவனை ‘சார்’ என்றார்கள். வந்தவற்றுக்குத் தீனி போட்டதும், கழுவியதும், விடிய விடியக் காவல் இருந்ததும் சரிதா. அதற்குப் பிறகு போச்சம்பள்ளி கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை.

அன்று காலை அவன் போட்டது: ‘குதிரை போல நின்றபடியே தூங்கும் பெண்.’ ஏதோ ஒரு தொழிற்சாலை. நீலத் தொப்பி, முகக்கவசம், மூடிய கண்கள், கையில் ஸ்க்ரூடிரைவர். படம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. எண்ணூறு பேர் சிரித்தார்கள். மதியம் முனிராஜ் என்பவர் எழுதினார்: ‘சார், நீங்க போட்ட படத்தால அந்தம்மாவ வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம்.’ அழித்தான். அதற்குள் படம் நாற்பது குரூப்புக்குப் போயிருந்தது.

நான்கு மணிக்கு சரிதா மஞ்சள் பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏன் சீக்கிரம் என்று அவன் கேட்கவில்லை. அவன் கவலை ஆறு மணியைப் பற்றியது. அதுவரை உயிருள்ள மனிதர் யாரும் வந்ததில்லை.

“அந்தப் பொம்பள வந்து நின்னா என்ன சொல்லுவ?” என்றாள். அவனை ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

“மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“கேட்டா? வேல வந்துடுமா? அவ ஏன் நின்னுக்கினே தூங்கினான்னு ஒருத்தனாவது கேட்டானா? நீ கேட்டியா?”

வாசலில் நாற்காலி போட்டான். டீ வைத்தான். முதன்முறையாக வீட்டையும் கூட்டினான். மணிக்கூண்டு ஆறு அடித்தது. யாரும் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. டீயில் ஆடை படிந்தது. “இந்த தடவ தப்பிச்சேன்” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

சரிதா பையைத் திறந்தாள். லாக்கரைக் காலி செய்து எடுத்துவந்த நீலத் தொப்பியைத் தலையில் மாட்டினாள். கவசத்தை மூக்குவரை ஏற்றினாள். பதினான்கு வருடக் குடித்தனத்தில் அந்தக் கோலத்தில் அவளை அவன் பார்த்ததே இல்லை.

“நாலு மணிக்கே வந்துட்டேன்” என்றாள். நின்றபடியே கண்ணை மூடினாள்.