சாப்பாட்டு மேஜைக்கு ஒரு தொங்கு விளக்கு

வீடு பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் கூரையில் தொங்குகிற விளக்குக்குத்தான் போகும் என்று வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் கோரீன் சொன்னதுதான் தாமதம், லெஸ்டர் புது விளக்கு வாங்கக் கார்ச் சாவியை எடுத்துவிட்டான். அவன் மனைவி டார்லீனுக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்டது அந்த ஒரு விளக்கைத்தான்.

டொலீடோ நகரத்தில் இந்த வீட்டைக் கட்டியவன் எல்லா அறைக்கும் ஒரே மாதிரி கண்ணாடிக் கிண்ணத்தைக் கூரையோடு ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதற்குள் ஈ விழுந்து சாகும், அவ்வளவுதான் அதனால் பிரயோஜனம். சாப்பாட்டு மேஜைக்கு மேலாவது தொங்குகிற விளக்கு ஒன்று போடலாம் என்று அவள் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. தலையில் இடிக்கும் என்பான் லெஸ்டர். "மேஜை மேல ஏறி எவன் நடக்கப் போறான்?" என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். இப்போது துரைக்குக் குளிர்காலத்தில் வாசலில் குவிகிற பனியை அள்ள முழங்கால் இடம் கொடுக்கவில்லையாம், வீட்டை விற்றுவிட்டு வெயில் காய்கிற அரிசோனாவில் தன் அண்ணன் வீட்டுப் பக்கம் குடியேற வேண்டுமாம். யாரோ முன்பின் தெரியாதவனுக்காக விளக்கு வருகிறது.

வரட்டும். 'நீ அப்பவே சொன்ன, டார்லீன்' என்று ஒரே ஒரு தடவை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றிருந்தாள்.

கடைக்குக் கோரீனும் வந்திருந்தாள்.

"கூரைக்குள்ள பதிக்கிற விளக்கு போட்டா என்ன?" என்றாள் டார்லீன், வேண்டுமென்றே. "தலையில இடிக்காது."

"அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்," என்றான் லெஸ்டர். "மேஜைக்கு மேல ஒண்ணு தொங்கினாத்தான் வீட்டுக்கே ஒரு களை."

"உங்க வீட்டுக்காரருக்கு நல்ல ரசனைங்க," என்றாள் கோரீன்.

"ஆமா, இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு."

கோரீன் சிரித்தாள். லெஸ்டரும் சேர்ந்து சிரித்தான், பாவி. வெண்கல வளையத்தில் ஐந்து பல்பு வைத்த விளக்கை அவனே தேர்ந்தெடுத்தான். அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது, அது வேறு எரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஏணியில் ஏறினான். "கெட்டியாப் பிடிச்சுக்க, ஏணிக் கால் ஆடுது," என்றான். கம்பிகளை இணைத்து முடித்ததும் அவள் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து மறுபடி ஏணியைப் பிடித்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் அந்தப் பழைய அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இப்போது சொல்லுவான் என்று அண்ணாந்து பார்த்தாள்.

"எவ்வளவு நல்லாயிருக்கு பாரு," என்றான் லெஸ்டர், கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டே. "ஏன் டார்லீன், நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே மாட்டியிருப்பேனே. சொல்லவே இல்லையே நீ."

அவன் விளையாடவில்லை. முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. காதில் வாங்கிக்கொண்டு மறுத்திருந்தாலாவது சண்டை போடலாம். இத்தனை வருஷமும் அவன் வாய்தான் பதில் சொல்லியிருக்கிறது, காதில் எதுவும் விழவே இல்லை.

அவள் ஏணியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"ஏய், ஆடுது. பிடிச்சுக்கன்னு சொன்னேன்ல?"

"எப்போ?" என்றாள் டார்லீன், திரும்பிப் பார்க்காமல். "நீ சொல்லவே இல்லையே."