திறந்ததும் சுட்ட குழாய்

வேலை முடிந்து வீடு திரும்பிய லோடுமேன் குளிக்கக் குழாயைத் திறந்தார். திறந்த கையிலேயே வெந்நீர் சுட்டது. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை, அதற்கே உறைத்தது.

அவர் வீட்டில் திறந்ததும் அப்படி வராது. ஹீட்டர் அடுப்படியில், குளியலறையோ வீட்டின் மறுகோடியில். குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் முழுக்க ஓடித் தீர்ந்தால்தான் சூடு வந்து சேரும். அதனால் ஒருவர் குளித்துவிட்டு வந்ததும், "குழாய் சுடுது, அடுத்த ஆள் ஓடு!" என்று கத்துவது அங்கே வழக்கம். திறந்ததும் சுட்டால், சற்றுமுன் யாரோ குளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார்? மனைவி தையல் கம்பெனியில் இருப்பாள். மிஞ்சியது மச்சினன். வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனை, "வேலைக்குப் போனாத்தான் இந்த வீட்ல இடம்" என்று சொல்லிச் சேர்த்திருந்தார். அச்சகத்துக்குப் போவதாகத்தான் காலையில் கிளம்புகிறான்.

மறுநாளும் சுட்டது. போதாக்குறைக்குப் பச்சைத்தண்ணீர்க் குழாயும் வெதுவெதுவென்று வந்தது. தரை மட்டும் காய்ந்து கிடந்தது. துடைத்துவிட்டுப் போகிறான், கெட்டிக்காரன்!

"உன் தம்பி ஒழுங்கா வேலைக்குப் போறானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"போகாம? ஏன் கேக்குறீங்க?" என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு அது போதும். அக்காளும் தம்பியும் கூட்டு.

அடுத்த நாள் சீக்கிரமே திரும்பினார். வீட்டில் ஆளில்லை. மச்சினனின் துணிகளைப் பையில் திணித்து, தலையணையையும் சேர்த்துக் கட்டி வாசலில் வைத்தார். குளியலறைக்குள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். வரட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அவர் வழக்கமாக வரும் நேரமும் ஆயிற்று. ஆள் வரவில்லை. வாஷ்பேசினுக்குக் கீழிருந்த அலமாரிக்குள் ஏதோ முனகியது. கதவைத் திறந்தார். ஒரு சின்ன பம்பு, இரண்டு குழாய்களுக்கும் நடுவே பாலம் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். குழாய் மெல்லச் சூடேறியது. முனகல் தானாக அடங்கியது.

வாசலில் செருப்புச் சத்தம். மச்சினன். விரலெல்லாம் அச்சு மை.

"இது என்னடா?"

"பம்பு, மாமா. ஆறின தண்ணிய பச்சைத்தண்ணிக் குழாய் வழியா ஹீட்டருக்கே திருப்பித் தள்ளிடும். நீங்க வர்ற நேரத்துக்கு ஓடுற மாதிரி வெச்சிருக்கேன். முதுகு வலியோட வந்து காத்து நிக்கிறீங்களேன்னு..."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நான் வாஷிங் மெஷினப் பிரிச்சுக் கெடுத்ததிலேர்ந்து, ஸ்பேனரத் தொட்டா கைய ஒடிப்பேன்னீங்க. அக்காதான் மூச்சு விடாதேன்னா."

லோடுமேன் குனிந்து இணைப்பைத் தடவினார். ஈரமில்லை. நம்பாமல் இன்னொரு தடவையும் தடவினார்.

"மாமா, என் பை ஏன் வாசல்ல இருக்கு?"

அவர் தலை நிமிரவில்லை. "நீ மாட்டின பம்பாச்சே. எப்ப புட்டுக்கிட்டு வீடு நனையுமோன்னு எடுத்து வெச்சேன்."

"என்னோடது மட்டுமா?"

"உன்னோடதுலேர்ந்து ஆரம்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கித் தோளில் போட்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.