கிழவிக்குக் காது கேட்ட ஞாயிறு

அந்த லேப்டாப்புக்குக் கிழவி என்று பெயர் வைத்தவள் பாப்பா. ஏதோ ஓர் அலுவலகத்தில் தேயத் தேய ஓட்டிவிட்டுக் கழித்துப்போட்டதை வேன்காரர் மகளுக்காக வாங்கி வந்திருந்தார். ஓரமெல்லாம் சிராய்ப்பு, விசைகளில் பாதி எழுத்து இல்லை. பொத்தானை அழுத்தினால் முனகிக்கொண்டு எழுந்து உட்காருவதற்குள் பாப்பா குளித்துவிட்டே வந்துவிடுவாள். பிறகு ஒருநாள் அதில் வைஃபையும் நின்றுபோனது. அடுத்த அறையில் ரவுட்டர் கண்சிமிட்டிக்கொண்டிருக்க, இது யாருக்கோ வந்த விருந்து என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

"கிழவிக்குக் காது அடைச்சுப்போச்சுப்பா," என்றாள் பாப்பா. "உள்ள ஒரு குட்டி அட்டை இருக்கு. அதை மாத்தினாப் போதும். கடைக்கெல்லாம் வேண்டாம், நானே மாட்டுறேன். நீங்க டார்ச் மட்டும் பிடிங்க."

எந்த அட்டை பொருந்தும் என்று அவளே தேடிப் பிடித்து வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதாகப் பேச்சு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரருக்கு அந்த ஞாயிறு வெளியூர் சவாரி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வேனுக்குப் பிரேக் வேலை. அதற்கடுத்த ஞாயிறு பாப்பாவுக்குக் காய்ச்சல். காய்ச்சல்தானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பாப்பா போனபின் வீட்டில் பேச்சு குறைந்தது. போன் மட்டும் குறையவில்லை. அம்மாவின் போனையும் கிழவியையும் பாப்பா முன்பே ஒரே கணக்கில் கோத்துவைத்திருந்தாள். போனில் எடுத்த படம் இணையத்தில் ஏறி, அங்கிருந்து கிழவிக்குள் தானாக வந்து விழும். "இங்க இருந்தா அங்கயும் இருக்கும்மா. அவ்வளவுதான் விஷயம்," என்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்லியும் இருந்தாள்.

அந்தப் போன் தினமும் காலையில், சென்ற வருடம் இதே நாள் என்று பாப்பாவை எடுத்து நீட்டும். தலை சீவும் பாப்பா. வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கும் பாப்பா. ஒருநாள் அம்மாவுக்குத் தாங்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டாள். நிஜமாகவே அழிக்கவா என்று போன் திரும்பக் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அன்று சாயந்திரமே, வளர்த்த கையாலேயே துடைத்துப்போட்டேனே என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

அவளுடைய தம்பிதான் ஓடிவந்து கிழவியைத் திறந்து பார்த்தான். "அழாதக்கா. எல்லாம் இதுல பத்திரமா இருக்கு." எப்படித் தப்பியது என்று யாரும் கேட்கவில்லை. இருக்கிறதே, அது போதாதா?

அதிலிருந்து விளக்கேற்றும் நேரமானால் அம்மா கிழவியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது ஒரு வீடியோ. வேனில் அப்பாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் தொண்டையிலேயே பாப்பா அதட்டுவாள்: "ஏய், யாருடா அது கையை வெளிய நீட்டுறது? உள்ள வை. இல்ல, இங்கயே இறக்கிவிட்டுடுவேன்!" அடுத்த அறையில் படுத்திருக்கும் வேன்காரர் காதைப் பொத்திக்கொள்ளவும் மாட்டார், எழுந்து வரவும் மாட்டார்.

ஒரு ஞாயிறு, இழுப்பறையில் எதையோ தேடும்போது பாப்பா வரவழைத்த அட்டை இருந்த வெள்ளி உறை கையில் தட்டுப்பட்டது. பிரிக்கவே இல்லை. வேன்காரர் அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, டார்ச் எடுத்துக்கிட்டு வா."

மச்சினன் வந்ததும் மேஜையில் விரித்திருந்த துணியைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, இது லேப்டாப். வேன் மாதிரி அடியில படுத்து வேலை பார்க்க முடியாது, தெரியும்ல?"

"உனக்கு பல்பு மாத்தவே ஏணிக்கு ஒருத்தன், உனக்கு ஒருத்தன் வேணும். பேசாம வெளிச்சம் காட்டு."

"அதுக்கு முன்னாடி படத்தையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துடலாம் மாமா."

"கொண்டுவந்திருக்கியா?"

"வீட்ல இருக்கு."

"அப்ப அடுத்த தடவை கொண்டா. இவ்வளவு நாள் தாங்கின கிழவி, இன்னும் கொஞ்ச நேரம் தாங்க மாட்டாளா? இதைப் பாப்பா சொன்ன மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சுடணும்டா."

மச்சினன் டார்ச்சைப் போட்டான்.

பாப்பா செய்யப்போவதாகச் சொன்ன வரிசையிலேயே அவர் செய்தார். பேட்டரியைக் கழற்றினார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். அடிப்பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்தார். பழைய அட்டை ஒரே ஒரு திருகில் நின்றது. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கம்பிகள், முனையில் கடுகளவு வளையங்கள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குள் அவை அகப்படவே இல்லை. நகத்தால் நெம்பி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். புது அட்டையைச் சாய்வாக நுழைத்து அழுத்தித் திருகினார். கறுப்பு இங்கே, வெள்ளை அங்கே. வளையம் டக்கென்று உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"டார்ச்சை நேராப் பிடிடா," என்றார்.

"நேராத்தான் மாமா பிடிச்சிருக்கேன்."

வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்ளலாம் என்று அடிமூடியைப் போடாமலே பேட்டரியை மாட்டி, கிழவியை எழுப்பினார். அது முனகியது, எழுந்தது. மூலையில் வைஃபை வளைவு மெல்ல நிரம்பியது.

"ஏம்மா, இங்க வா! கிழவிக்குக் காது கேக்குது!"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா வந்தாள். விஷயம் புரிந்ததும் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அவர் அதைப் பார்த்துப் பல மாதமாகியிருந்தது. "பாப்பா வாங்கினதா? நீங்களா மாட்டினீங்க?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். "அந்த வேன் வீடியோவைப் போடுங்க. இதை அவளே வந்து பார்த்த மாதிரி இருக்கும்."

படங்கள் இருந்த இடத்தைத் திறந்தார். வரிசை வரிசையாகப் பாப்பா. கீழே நகர்த்தும்போது அம்மா அவர் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, மேல தலை சீவுற படம் இருந்ததே?"

"இருக்கும். புதுசா ஏதோ ஏறுதுபோல."

ஏறவில்லை. பள்ளி வாசலில் வேன் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போவார்களே, அதுபோலப் படங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று போனதும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். பிறகு அதுவும் போகும். என்றைக்கோ அம்மா போனில் சொன்ன அந்த ஒரு ஆமாம், காது திறந்த கிழவிக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. இங்கே இருந்தால் அங்கேயும் இருக்கும் என்று சொன்ன பாப்பா, அதன் மறுபாதியைச் சொல்லிவைக்கவில்லை.

முதலில் விளங்கியது மச்சினனுக்குத்தான். "மாமா, அழியுது! நெட்டைப் பிடுங்குங்க! பிடுங்குங்க!"

ரவுட்டருக்கு ஓடவேண்டும் என்றெல்லாம் வேன்காரருக்குத் தோன்றவில்லை. கிழவியை அப்படியே சாய்த்து, திறந்துகிடந்த அடிவயிற்றில் கையை விட்டு, கைக்கு வந்ததைப் பற்றி இழுத்தார். அவ்வளவு பக்குவமாக மாட்டிய அட்டை திருகோடு பிய்ந்து வந்தது. கறுப்புக் கம்பியின் முனை அறுந்து அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கிழவியைத் திரும்ப நிமிர்த்திவைத்தாள்.

மச்சினன் தெருமுனைக்குப் போய்த் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் பேசிவிட்டு வந்தான். அழித்து இத்தனை மாதமானபின் இணையத்தில் மிச்சமிருக்காது, இந்த வகை டிஸ்க்கிலும் போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்றாராம். சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் அன்னைக்கு அழிக்காம இருந்திருந்தா..." என்றாள் அம்மா.

"நீ அழிச்சும் இருந்ததேம்மா," என்றார் வேன்காரர். "இன்னிக்குக் காலைவரைக்கும் இருந்தது." அட்டை இன்னும் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

கடைசி வரிசையில் கொஞ்சம் தப்பியிருந்தது. ஒரு வேன் சக்கரம். தவறி அழுத்தியதால் பதிந்த கூரையும் மின்விசிறியும். பாதி செருப்பு. பாப்பா எதிலும் இல்லை. அவற்றுக்குக் கீழே, முழுக்கக் கறுப்பாக ஒரு வீடியோ. ஒன்றும் தெரியவில்லையே என்று இத்தனை நாளும் அம்மா தாண்டிப் போன ஒன்று.

அதைத் தட்டினாள். இருட்டுதான். இருட்டுக்குள்ளிருந்து பாப்பா சிரித்தாள்.

"அம்மா, விரலை எடும்மா! கேமராவை மறைக்கிற. நான் தெரியவே மாட்டேன்."

"தெரியுறடி, நல்லாத் தெரியுற. நீ பேசு," என்றது அம்மாவின் பழைய குரல்.

அவ்வளவுதான் அந்த வீடியோ. வாசலிலிருந்து எழுந்து வந்த மச்சினன், "இதையாவது என் போன்ல பதிவு பண்ணிக்கிறேன்க்கா," என்று போனை எடுத்தான்.

"கிட்டக் கொண்டுவராத!" அம்மா இரண்டு கையாலும் கிழவியை அணைத்துக்கொண்டாள். "அதைத் தூர வையுடா. இவ செவிடாவே இருக்கட்டும்."

அவன் போனை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். வேன்காரர் கிழவியைத் திரையோடு பக்கவாட்டில் நிறுத்தி, அடிமூடியை எடுத்தார். இரண்டு கம்பிகளையும் உள்ளே மடித்துச் செருகினார். திருகு போடும் இடம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா டார்ச்சை எடுத்துப் பிடித்தாள். இன்னொரு கையால் அவள் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டாள்.

"அம்மா, விரலை எடும்மா!"

டார்ச் வெளிச்சத்தில் வேன்காரர் பார்த்தார். திரையின் ஓரத்தில் இருந்த தன் கட்டைவிரலை அவள் மெதுவாக விலக்கிக்கொண்டாள்.